பத்திரப்பதிவு முடிந்தும் வீட்டை விட்டுக் கிளம்பாத விற்பனையாளர்: என்ன செய்யலாம்?

கேள்வி (கொடுங்கையூர்)

வணக்கம். கொடுங்கையூரில், எம்.கே.பி. நகர் பக்கமாக, கீழே ஒரு போர்ஷனும் மேலே ஒரு போர்ஷனும் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஜூன் மாதம் என் பேரில் பதிவு முடிந்தது. வங்கிக் கடன் என்பதால் முழுத் தொகையும் அன்றைக்கே டிடியாக அவர் கைக்குப் போய்விட்டது. விற்றவர் வயதானவர், மனைவியோடு கீழ் போர்ஷனில் இருக்கிறார். "ஒரு மாசத்துல காலி பண்ணிடறேன்மா" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தார்.

ஜூலையில் கேட்டபோது, ஆடியில் வீடு மாற்ற மாட்டோம், ஆவணி பிறக்கட்டும் என்றார். நாங்களும் ஆடியில் பால் காய்ச்சப் போவதில்லையே என்று சரி சொன்னோம். ஆவணியும் பிறந்தது. இப்போது மகள் மாசமாக வந்திருக்கிறாள், வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வீடு மாறக் கூடாது, பிரசவம் முடியட்டும் என்கிறார். அப்படிப் பார்த்தால் தை ஆகிவிடும்.

கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு வேறு ஆள் பேசி முடித்துவிட்டார்கள். இஎம்ஐ ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். ஆட்களை அனுப்பினால் ஒரே நாளில் காலியாகிவிடும் என்கிறார்கள் கணவரின் நண்பர்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இதற்கிடையில் அவர் ஜிபேயில் 8,000 ரூபாய் போட்டு, குறிப்பில் "வாடகை" என்று எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில் (தண்டையார்பேட்டை, வழக்கறிஞர்)

சகோதரி, முதலில் அந்த 8,000 ரூபாய். இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். "நீங்கள் வாடகைதாரர் அல்ல, காலி செய்ய அவகாசம் மட்டுமே தந்திருக்கிறோம்" என்று ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள். வாடகை என்று வாங்க ஆரம்பித்தால், நாளைக்கு அவர் தன்னை வாடகைதாரர் என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுத்த மாதிரி. அப்புறம் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வாடகை நீதிமன்றம் என்று இது வேறு தடத்தில் போய்விடும். இதே காரணத்துக்காக வாடகை ஒப்பந்தமும் போடாதீர்கள்.

ஆட்களை அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. வீடு உங்களுடையதுதான். ஆனாலும் சட்ட வழியில் இல்லாமல் ஒருவரை வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் பிரிவு 6-இன் கீழ் 6 மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வந்துவிட முடியும். சொத்து யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. குற்ற வழக்கு தனியாக வரும். கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது எல்லாமும் இதே வகைதான்.

உங்கள் பக்கம் சட்டம் உறுதியாக இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55-இன்படி, வாங்கியவர் கேட்டால் சுவாதீனத்தை, அதாவது சொத்தின் கைவசத்தை, ஒப்படைக்க விற்றவர் கடமைப்பட்டவர். வழக்குப் போட்டால், இருந்த காலத்துக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்கலாம். நாள் போனால் வீடு அவருடையதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு காலம் இருக்கிறது.

ஆனால் வழக்கு இழுக்கும். நீதிமன்றக் கட்டணமும் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீடென்றால் 1,80,000 ரூபாய். அதனால் முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அந்த ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பத்திரம் உங்கள் பேரில் இருப்பதால் இன்னொரு வசதி: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

பதில் (திருவொற்றியூர்)

அக்கா, ஆடி, பிரசவம் எல்லாம் வெளியே சொல்லும் காரணமாக இருக்கலாம். அவர் போக வேண்டிய வீடு தயாராக இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் இழுத்தார். வாங்கிய ஃபிளாட்டில் ஈபி இணைப்பே வரவில்லை, வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது தம்பி. மாதவரத்தில் ஃபிளாட் புக் பண்ணியிருக்கிறார், சாவி இன்னும் தரவில்லையாம். அவர் மனைவிதான் சொன்னார். கேட்டதும் கோபம் பாதி போய்விட்டது.

வக்கீல் சாரிடம் இன்னும் இரண்டு சந்தேகம். பத்திரத்தில் "இன்றைய தேதியிலேயே சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது" என்றிருக்கிறது. அவர் உள்ளேதானே இருக்கிறார், இது எனக்குப் பாதகமா? மேல் போர்ஷனில் குடியிருப்பவர் இன்னும் அவரிடமே வாடகை கொடுக்கிறார், அதை எப்படி நிறுத்துவது?

பதில் (தண்டையார்பேட்டை, வழக்கறிஞர்)

பாதகம் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கிரயப் பத்திரத்திலும் வரும் வரிதான் அது. அதன்பின் அவர் உங்கள் அனுமதியோடு தங்கியிருக்கிறார் என்பதற்கு அந்தக் குரல் பதிவுதான் சாட்சி. போனை மாற்றினாலும் பழைய போனை அழிக்காமல் வைத்திருங்கள். நோட்டீஸிலும் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள்.

மேல் போர்ஷன்காரருக்கு உடனே, பத்திர நகலோடு, ஒப்புகையுடன் தபால் அனுப்புங்கள். வீடு கைமாறியது தெரியாமல் பழைய உரிமையாளரிடம் அவர் கொடுத்த வாடகையை நீங்கள் மறுபடி கேட்க முடியாது. தெரிந்தபின் கொடுத்தால் அது அவர் பொறுப்பு. அவர் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். மிக முக்கியமாக, அது வாடகையா, லீஸா? நம் பகுதியில் மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு லீஸுக்கு விடுவது சகஜம். லீஸ் என்றால் அந்தப் பணம் திரும்பி வராமல் அவர் நகர மாட்டார். பணம் விற்றவரிடம் இருக்கிறது. கீழ் போர்ஷனைப் பேசி முடிப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் (பெரம்பூர்)

மாசமாக இருக்கும் பெண்ணை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீ இரண்டு செலவு பண்ண வேண்டியதில்லை, தங்கச்சி. பெரியவரிடம் தனியாகப் பேசாதே, அவர் மருமகனையும் உட்காரவைத்துப் பேசு. மருமகன் முன்னால் தேதி சொன்னால் மனுஷன் மாற மாட்டார். உன் கணவரின் நண்பர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கேட்டவர்

பேசியாயிற்று அக்கா. மருமகனும் வந்திருந்தார். அவர்கள் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரே சொல்லிவிட்டார். பெரியவர் ஐப்பசி கடைசிக்குள் காலி செய்வதாக எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். மேலே இருப்பவர் வாடகைதான், லீஸ் இல்லை. என்ன எழுதி வாங்க வேண்டும்?

பதில் (தண்டையார்பேட்டை, வழக்கறிஞர்)

நல்லது. முத்திரைத்தாளில், அவரும் மனைவியும் கையெழுத்துப் போட, மருமகன் சாட்சியாக இருக்கட்டும். கிரயத் தொகை முழுவதும் பெற்றாகிவிட்டது, வாடகைதாரராக அல்ல, அனுமதியின் பேரில் மட்டும் இருக்கிறேன், இன்ன ஆங்கிலத் தேதியில் காலி செய்வேன் என்பது வர வேண்டும். ஐப்பசி கடைசி என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு இழப்பீடு என்று போடுங்கள். அந்தப் பக்கத்து வாடகையை ஒட்டிய தொகையாக இருக்கட்டும். பயமுறுத்துவதற்காக நாளுக்குப் பத்தாயிரம் என்று எழுதினால் நீதிமன்றம் நியாயமான அளவுக்குக் குறைத்துவிடும். மேல் போர்ஷன் அட்வான்ஸை உங்களிடம் ஒப்படைப்பதையும் இதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

சாவி வாங்கும் அன்று எல்லா அறையையும் திறந்து வீடியோ எடுங்கள். பரண், மொட்டை மாடி அறை உட்பட. "இந்த ஒரு ரூம்ல மட்டும் சாமான் இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள், ஒரு அறை பூட்டியிருந்தாலும் சுவாதீனம் முழுமையாக வரவில்லை என்றே பொருள். ஈபி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, அதுவரைக்குமான கட்டணம், மெட்ரோ வாட்டர் வரி, சொத்து வரி பாக்கி எல்லாம் தீர்ந்ததா என்று பார்த்து, சாவி ஒப்படைத்ததற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்ற மனுக்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், பத்திரத்தை வைத்து இப்போதே கொடுத்துவிடலாம்.