வைசாக்ல 99 பைசாவுக்கு நிலம் குடுக்குறாங்க, மதுரைக்கும் அப்படி குடுத்து கம்பெனிய கூப்பிட்டா என்ன?

மாட்டுத்தாவணி மாறன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். 2025ல ஆந்திரா கவர்மென்ட் வைசாக் ருஷிகொண்டால டிசிஎஸ்க்கு 21.16 ஏக்கர் 99 பைசாவுக்கு குடுத்துச்சு, 12,000 பேருக்கு வேலைன்னு பேச்சு, அப்பறம் காக்னிசன்ட்டுக்கும் அதே 99 பைசா, அதுக்கப்பறம் கூகுள் டேட்டா சென்டர். இங்க இன்ஜினியரிங் முடிச்ச புள்ளைங்க எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் ஓடுது, ஞாயித்துக்கிழமை நைட்டு பத்து மணிக்கு ஆம்னி ஸ்டாண்ட் பக்கம் வந்து பாருங்க, லேப்டாப் பேகும் கட்டப்பையுமா நிக்க எடம் இருக்காது. நம்ம கார்ப்பரேஷனும் பத்து வருஷத்துக்கு சொத்து வரி வேணாம், நிலமும் சும்மா எடுத்துக்கோன்னு சொன்னா ஒரு பெரிய கம்பெனி வராதா? எங்கப்பா "ஊரான் காசுல கம்பெனிக்காரனுக்கு ஏன்டா மொய் வைக்கிற"ங்கிறார். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கு குமரேசன்:
தம்பி, மொதல்ல ஒண்ணு, கார்ப்பரேஷன் கையில குடுக்குறதுக்கு பெருசா எதுவுமே இல்ல. சலுகை குடுக்குறது மாநில அரசு. 2021 தொழில் கொள்கையில மாவட்டங்கள ஏ, பி, சின்னு பிரிச்சாச்சு, சென்னைய சுத்தி இருக்குறது ஏ, நம்ம தென் மாவட்டம் சி, சிக்குத்தான் சலுகை ஜாஸ்தி. எஸ்ஜிஎஸ்டி (ஜிஎஸ்டில மாநிலத்தோட பங்கு) ரீஃபண்ட் இல்லன்னா மூலதன மானியம், மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணம்னு லிஸ்ட் போகும். அதாவது நீ கேக்குறது ஏற்கனவே இருக்கு.

ஆனா இந்த சலுகைங்கள்ல பாதி, ஐடி கம்பெனிக்கு பிரயோஜனம் இல்ல, சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அப்பறம் எத ரீஃபண்ட் பண்றது? அதான் ஆந்திராக்காரங்க நிலத்த காட்டி இழுக்குறாங்க.

கார்ப்பரேஷனுக்குன்னு வர்றது சொத்து வரியும் தொழில் வரியும்தான். தொழில் வரி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500க்கு மேல வாங்க அரசியல் சட்டமே விடாது. 12,000 பேரும் ஃபுல்லா கட்டினாக்கூட 3 கோடி. சொத்து வரியையும் விட்டுட்டா பாதாள சாக்கடை, ரோடு, குப்பை இதெல்லாம் அந்த 3 கோடிலயா பண்ணுவ? சலுகை அறிவிச்சு பேர் வாங்குறது மாநிலம், சாக்கடை பொங்கினா திட்டு வாங்குறது வார்டு கவுன்சிலர்.

மில்வாக்கி தமிழன்:
நான் இருக்குற அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல நடந்தத சொல்றேன். 2017ல ஐபோன் செஞ்சு குடுக்குற தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் போடுது, 13,000 பேருக்கு வேலைன்னு வெள்ளை மாளிகைலயே அறிவிச்சாங்க, மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைன்னு கையெழுத்து போட்டுச்சு. வேலையும் வரல, ஃபேக்டரியும் சொன்ன மாதிரி வரல. 2021ல ஒப்பந்தத்த திருத்தி 1,454 வேலை, 8 கோடி டாலர் சலுகைன்னு சுருக்கிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா மாநிலம் பெருசா ஏமாறல, ஏன்னா இத்தன பேர எடுத்தாத்தான் காசுன்னு கண்டிஷன் இருந்துச்சு, 2018ல அந்த எண்ணிக்கை வரலன்னு அந்த வருஷ சலுகைய குடுக்கவே இல்ல. மாட்டிக்கிட்டது மவுன்ட் பிளசன்ட்ங்கிற சின்ன ஊரு. அவங்க முன்னாடியே கடன் வாங்கி வீடு நிலமெல்லாம் கையகப்படுத்தி, ரோடு போட்டு, தண்ணி லைன் இழுத்துட்டாங்க. குழாய போட்டப்பறம் திருப்பி குடுன்னு யார்கிட்ட கேக்க முடியும்? 2023ல மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டருக்குன்னு அங்க நிலம் வாங்கினதால ஏதோ மூச்சு விடுறாங்க.

சும்மா ஒரு ஆளு:
கூகுள் மேட்டர்ல ஆந்திரா 22,000 கோடி சலுகை குடுத்துச்சுன்னு கர்நாடக அமைச்சர் பிரியங்க் கார்கே வயிறெரிஞ்சாரே, நியாபகம் இருக்கா. டேட்டா சென்டர்ல கட்டுறப்ப ஆயிரக்கணக்குல ஆளு இருக்கும், கட்டி முடிச்சா சர்வர், ஏசி, கேட்ல ரெண்டு செக்யூரிட்டி. மதுரைக்கு அது வேண்டவே வேண்டாம், சர்வர் சூட்ட தணிக்க தண்ணி வேற கேக்கும், இருக்குற தண்ணிக்கே வைகை அணைய பாத்துட்டு உக்காந்திருக்கோம்.

சுங்குவார்சத்திரம் செல்வி:
எல்லாரும் பயமுறுத்துறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஃபேக்டரி 2006ல ஆரம்பிச்சப்பவும் இதே பேச்சுதான், வரிய எல்லாம் அள்ளி குடுத்துட்டாங்கன்னு. உச்சத்துல 8,000 பேர்கிட்ட நிரந்தர வேலைல இருந்தாங்க, பாதிக்கு மேல பொண்ணுங்க. அப்பறம் 2013ல வருமான வரித்துறையோட 2,000 கோடிக்கு மேல தகராறு, சொத்து முடக்கம், மைக்ரோசாஃப்ட் போன் பிசினஸ வாங்கினப்ப இந்த ஃபேக்டரிய மட்டும் சேத்துக்கல, 2014 நவம்பர் 1ல மூடிட்டாங்க. எங்க பக்கம் பேங்க் லோன்ல மாடி எடுத்து லைன் வீடு கட்டினவங்க வாடகைக்கு ஆளில்லாம டூ லெட் போர்டு எழுதி தொங்கவிட்டது இப்பவும் கண்ணுல நிக்குது. ஆனா ஊரு படுத்துடல. ஹூண்டாய் இருந்துச்சு, உதிரி பாகம் செய்யற சின்ன யூனிட்டுங்க இருந்துச்சு, ரோடும் துறைமுகமும் பக்கத்துல, வேலை தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. அதே ஃபேக்டரிய அப்பறம் சார்ஜர் செய்யற சால்காம்ப் எடுத்துச்சு. சலுகைய மட்டும் நம்பி ஒத்த கம்பெனிய கொண்டாந்தா அது போறப்ப எல்லாத்தையும் எடுத்துட்டு போயிடும் மாறன். மதுரைக்கு கேக்கணும்னா மொதல்ல ஏர்போர்ட்ட ஒழுங்கா பெருசாக்க சொல்லுங்க, ரன்வே நீட்டிக்கிற கதை எத்தன வருஷமா ஓடுது!

மாட்டுத்தாவணி மாறன்:
குமரேசன் அண்ணே, அந்த 3 கோடி கணக்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், இனி ஒரு வாரத்துக்கு வீட்ல நிம்மதி இல்ல. செல்வி அக்கா, ஏர்போர்ட் பத்தி பேசினா எனக்கு பிரஷர் ஏறும், விட்டுருங்க. தூத்துக்குடி ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா? அங்க வின்ஃபாஸ்ட் (வியட்நாம் எலக்ட்ரிக் கார் கம்பெனி) ஃபேக்டரி 2025 ஆகஸ்ட்ல தொறந்தாச்சே, பக்கத்து ஊர்க்காரங்கள எடுக்குறாங்களா, எல்லாம் கான்ட்ராக்ட்டா இல்ல நிரந்தரமா?