மட்டப்பான் ட்ராலி விரைவு ரயிலா?

தோட்டக்காரன்:
"மாசசூசெட்ஸ் அரசு காசும் கொடுத்து அடுக்குமாடிக்கு அனுமதி கேட்கிறது, மில்டன்காரர்களுக்கு என்ன வீம்பு?" என்று நேற்று இங்கே 'மாடிவீடு' எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்டனை ஒட்டிய மில்டன்தான் என் ஊர். காசு கொடுப்பது 2004-இல் வந்த 40ஆர் சட்டம். விருப்பமுள்ள ஊர் சேரலாம். கூடுதலாகக் கட்டும் வீடு ஒன்றுக்கு 3,000 டாலர். 2021 சட்டம் அப்படியா? பாஸ்டன் பொதுப் போக்குவரத்து வட்டாரத்தின் 177 ஊர்களும் அடுக்குமாடி கட்ட இடம் ஒதுக்குவது கட்டாயம். அதிலும் எங்களை 'விரைவு ரயில் ஊர்' பட்டியலில் தள்ளி, 2,461 வீடுகளுக்கு இடம் காட்டச் சொன்னார்கள். எங்கள் ஊர் வழியே ஓடும் மட்டப்பான் ட்ராலி (டிராம் வண்டி) விரைவு ரயிலா? 1940-களில் செய்த ஒற்றைப் பெட்டி ஐயா அது!

மாடிவீடு:
அந்த ஒற்றைப் பெட்டி உங்கள் ஊருக்குள் நான்கு இடத்தில் நிற்கிறது. அதன் கடைசி நிறுத்தமான ஆஷ்மான்ட் போனால் ரெட் லைன் மெட்ரோ ரயில். எந்த ஊருக்கு இந்தக் கொடுப்பினை?

தோட்டக்காரன்:
இறங்கி மாற வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போ விரைவு ரயில் இல்லை.

வாடகைவாசி:
தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஜன்னல் வழியே மில்டன் வீடுகளைப் பார்த்தபடி ஊரைக் கடக்கிறேன். அங்கே எனக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு கிடைக்கவில்லை. வண்டிக்கு என்ன பெயர் வைத்தால் என்ன?

தோட்டக்காரன்:
அம்மா, பெயரில்தான் எல்லாமே. அந்தப் பெயரால்தான் ஊரின் வீடுகளில் கால் பங்கு அளவுக்கு இடம் கேட்டார்கள்.

மாடிவீடு:
2024 பிப்ரவரி ஊர் வாக்கெடுப்பில் இடம் ஒதுக்க மறுத்தீர்கள், அதனால் மாநில அரசின் கடல் தடுப்புச்சுவருக்கான 1,40,800 டாலர் மானியம் போனது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. இன்னும் ட்ராலியையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

தோட்டக்காரன்:
அந்தச் சட்டத்துக்கான வழிகாட்டு விதிகளை மாநில அரசு முறைப்படி வெளியிடவில்லை, அவை செல்லாது என்றதும் அதே தீர்ப்புதான். பாதியைப் படித்துவிட்டுப் பேசுவது உங்களுக்குப் புதிதில்லை. சொத்துவரி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மாடிவீடு:
அதில் என்னைப் பேசவே விடவில்லை நீங்கள்.

கணக்கன்:
மட்டப்பான் இல்லை, மேட்டபேன்.

தோட்டக்காரன்:
நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். ஊர்ப்பெயரை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கணக்கன்:
வருஷத்துக்கும் உச்சரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

வாடகைவாசி:
வீட்டைப் பற்றிப் பேசுவீர்களா?

தோட்டக்காரன்:
பேசலாம். முதலில் யாராவது பதில் சொல்லுங்கள்: ட்ராலி விரைவு ரயிலா, இல்லையா?