பேக்லாஷுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோவை:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். சிறு பட்டறை வைத்திருப்போர் உலோகத்தைக் கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் சி.என்.சி. மில்லிங் எந்திரம் ஒன்றை முதன்முதலாக வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மேசையின் அளவு, வெட்டுக்கருவியைச் சுழற்றும் கதிரின் வேகம், கருவிப் பிடிப்பானின் அளவு பி.டி.30 போதுமா பி.டி.40 வேண்டுமா, பட்டறையில் மும்முனை மின்சாரம் உண்டா என்பன எல்லாம் தடையின்றித் தமிழில் வந்துவிட்டன. 'பேக்லாஷ்' ஒன்றுதான் நிற்கிறது. மேசையை நகர்த்தும் திருகைத் திசைமாற்றிச் சுழற்றும்போது, மேசை நகரத் தொடங்குமுன் திருகு மட்டும் வீணே சுழலும் அந்தச் சிறு அளவைச் சொல்கிறேன். முதற்படியில் 'பின்னடைவு' என்று எழுதியிருந்தேன். "எந்திரத்தின் பின்னடைவை அளந்து பார்த்து வாங்கவும்" என்ற வரியைப் படித்த என் மகள், எந்தத் தொகுதியில் என்று கேட்டாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இச்சொல்லுக்காக நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை; குறளைப் புரட்டினால் போதும். "தொடியொடு தோள்நெகிழ நோவல் அவரைக் கொடியர் எனக்கூறல் நொந்து" என்பது 1236ஆம் குறள். தோள் மெலிய, வளைக்கும் கைக்கும் இடையே வெளி விழுகிறது. தோளைத் திருகு என்றும் தொடியை அத்திருகின்மேல் ஓடும் சுரை (நட்) என்றும் கொண்டால், தேய்ந்த எந்திரத்தின் நிலை இதுவேயன்றோ? எனவே 'நெகிழ்வு' என்க. 1234ஆம் குறளில் வரும் "பைந்தொடி சோரும்" என்பதைக் கொண்டு 'சோர்வு' எனலாம் என்றும் எண்ணினேன்; உலோகச் சோர்வு என்ற வழக்கு குறுக்கே நிற்பதால் விட்டுவிட்டேன்.

பொறியியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

ஐயாவின் உவமை அழகானது; ஆனால் அந்தச் சொல்லை ஏற்க முடியாதிருக்கிறது. திசை மாறும்போது ஏற்படும் இழப்பில் ஒரு பகுதி திருகுக்கும் சுரைக்கும் இடையிலுள்ள வெளியால் வருவது. மற்றொரு பகுதி, சுமையேறும்போது திருகு முறுகுவதாலும் தாங்கி (பேரிங்) அமுங்குவதாலும் வருவது. வளைந்து மீளும் அந்த இரண்டாவதைத்தான் மாணவர் 'நெகிழ்வு' என்று புரிந்துகொள்வர். பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதற்கு நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? 'இடைத்தளர்வு' என்பது என் முன்மொழிவு.

பட்டறை உரிமையாளர், பீளமேடு:

தளர்வு என்று அச்சிட்டால், ஏதோ ஒரு போல்ட்டை முடுக்கினால் தீர்ந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் ஸ்பேனரைத் தேடுவார்கள். இந்தச் சொல்லின் விலை எனக்குத் தெரியும். நான் முதலில் வாங்கியது ஒரு பழைய வி.எம்.சி., அதாவது கதிர் செங்குத்தாக நிற்கும் சி.என்.சி. மில்லிங் எந்திரம். பார்க்கப் போனபோது, காந்த ஸ்டாண்டில் நுண்ணளவு காட்டும் டயலைப் பொருத்தி, மேசையின் நடுவில் அளந்தேன். கைச்சக்கரத்தை ஒரு சொடுக்குக்கு 0.01 மி.மீ. என்று வைத்து, ஒரு திசையில் நகர்த்தி, முள்ளைச் சுழியில் நிறுத்திப் பின்னோக்கித் திருப்பினேன். முதல் சொடுக்கிலேயே முள் அசைந்தது. மகிழ்ந்து முன்பணம் கொடுத்தேன். எந்திரம் வந்திறங்கி, முதல் வேலையாக ஒரு வட்டக் குழியை வெட்டியபோது, அச்சு திசைமாறும் நான்கு இடங்களிலும் நகத்தால் தடவினாலே தெரியும்படி படி விழுந்திருந்தது. எந்திரத்தை இயக்கும் ஃபானுக் கட்டுப்பாட்டுக் கணினியில், பேக்லாஷுக்கு ஈடு குறிக்கும் 1851 என்ற பாராமீட்டரைத் திறந்து பார்த்தால், திசை மாறும்போதெல்லாம் திருகைக் கூடுதலாகச் சுழற்றும்படி உள்ளே 70 மைக்ரான் ஈடு போட்டு மறைத்திருந்தார்கள். அதிகம் உழைத்த நடுப்பகுதியில் அந்த ஈடு பொருந்தியது. தேயாத ஓரங்களில் மேசை அளவுக்கு மீறிப் பாய்ந்தது. கட்டர் வெட்டும் திசையிலேயே மேசையை இழுக்கும்போது, எந்த எண்ணைப் போட்டாலும் அந்த வெளி வெளிதான். பட்டறையில் இதற்கு 'ப்ளே' என்போம், இல்லையென்றால் 'ஆட்டம்' என்போம். 'மரை கழண்டது' என்றும் சொல்லலாம்; அது பெரும்பாலும் முதலாளியைப் பற்றியதாக இருக்கும்.

தமிழாசிரியர்:

'மரை' என்பதை நண்பர் வேடிக்கையாகச் சொன்னாலும் அது எண்ணிப் பார்க்கத் தக்கது. சங்கப் பாட்டில் மேயும் மரைமானின் கொம்பில் உள்ள முறுக்கிலிருந்து திருகின் மரை வந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். வளை கழல்வது போல மரை கழல்வதால் 'மரைக்கழல்வு' எனலாமே.

விரிவுரையாளர்:

ஐயா, மரைமானின் கொம்பில் முறுக்கு உண்டா என்பதை வேறோர் இழையில் பேசுவோம். 'ஆட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கதிர் மையம் விலகிச் சுழல்வதையும் பட்டறையில் ஆட்டம் என்றுதானே சொல்கிறீர்கள்? வாங்குபவர் இரண்டையும் வெவ்வேறாகச் சோதிக்க வேண்டும். பயனின்றிக் கழியும் ஆட்டம் என்ற பொருளில் 'வெற்றாட்டம்' என்று கொள்ளலாமா?

பட்டறை உரிமையாளர்:

வாயில் நுழைகிறது. பக்கத்தில் பேக்லாஷ் என்றும் போட்டுவிடுங்கள். 1851ஐத் திறந்து பார்க்கச் சொல்லும் வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தமிழாசிரியர்:

ஆடாத ஒன்றை ஆட்டம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நெகிழ்வையே நான் தொடர்ந்து எழுதி வருவேன் என்பதைக் குழு பதிவு செய்துகொள்க.

மொழிபெயர்ப்பாளர்:

ஞாயிறு இரவு ஆகிவிட்டதால், மறுமொழி எழுதாதவர்களையும் உடன்பட்டவர்களாகக் கொண்டு 'வெற்றாட்டம்' என்றே அனுப்பிவிட்டேன். முதல்முறை வரும் இடத்தில் 'பேக்லாஷ்' உடன் நிற்கிறது. சற்றுமுன் அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. எழுத்துக் கோத்தவர் பிழை என்று எண்ணித் திருத்தியிருக்கிறார்: "பழைய எந்திரத்தில் வெற்றியாட்டம் உள்ளதா எனப் பார்த்து வாங்கவும்." ஒன்பது இடங்களில்.