புரோப் ஃபங்ஷன்ல எல்லாப் பிழைக்கும் −5 திருப்பறது சரியா?

ரிவ்யூகாரன்: ஒரு லினக்ஸ் டிரைவர் பேட்ச் ரிவ்யூவுக்கு வந்திருக்கு. புரோப்ல, அதாவது டிவைஸைத் தயார் பண்ண கர்னல் கூப்பிடற டிரைவர் ஃபங்ஷன்ல, கிளாக், ரெகுலேட்டர் (மின்சாரம் தர்றது), ஐஆர்க்யூ (இன்டரப்ட் லைன்) எது கிடைக்கலைன்னாலும் −5, அதாவது ஈஐஓ (பொதுவான ஐ/ஓ பிழை), திருப்புது. கீழேருந்து வந்த எண்ணை அப்படியே மேலே விடச் சொன்னேன். எழுதினவர் மாட்டேங்கறார். என்ன சொல்றீங்க?

பழையபோர்டு: நான் அவர் பக்கம். ஐ2சி-ல (சிப்புகளை இணைக்கற பஸ்) சிப் பதில் சொல்லலைன்னா ஒரு கன்ட்ரோலர் −6 (அப்படி டிவைஸ் இல்லை) தரும், இன்னொண்ணு −121 (ரிமோட் ஐ/ஓ பிழை) தரும். விஷயம் ஒண்ணுதான். இந்தக் கூத்தெல்லாம் அப்ளிகேஷனுக்கு எதுக்குத் தெரியணும்?

ரிவ்யூகாரன்: புரோப்ல அப்ளிகேஷன் எங்கேண்ணே வந்தது? அந்த எண்ணைப் பார்க்கறது டிரைவர் கோர். ரெகுலேட்டர் இன்னும் தயாராகலைன்னா −517 வரும், ஈபுரோப் டிஃபர், அதாவது அப்புறம் முயற்சி பண்ணு. அதைப் பார்த்தா கோர் டிவைஸைக் காத்திருப்புப் பட்டியல்ல வெச்சு, வேற டிரைவர் ஏறினதும் மறுபடி புரோபைக் கூப்பிடும். அதை −5 ஆக்கிட்டா திரும்பக் கூப்பிடவே கூப்பிடாது. மாட்யூல் ஏறுற வரிசையைப் பொறுத்து ஒரு பூட்ல டிவைஸ் வரும், அடுத்த பூட்ல வராது. இந்த மாதிரி பக்-ஐத் தேடறதுக்குள்ள உயிர் போயிடும்.

பழையபோர்டு: சரி, 517-ஐ மட்டும் விட்டுடு, மத்ததெல்லாம் 5.

கீழ்த்தளம்: −12 வந்தா? மெமரி இல்லைன்னு வந்ததை ஈஐஓ-ன்னு மாத்தி அனுப்பினா, லாக் பார்க்கறவன் நல்ல போர்டைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பான்.

பழையபோர்டு: லாக் பத்திப் பேசினா, ஒவ்வொரு டிஃபருக்கும் ஒரு எரர் வரி விழுந்து டிமெசேஜ் (கர்னல் லாக்) நாறிப்போகுது. அதுக்கு என்ன பண்ணுவே?

கீழ்த்தளம்: கர்னல் 5.9-லேயே டெவ்_எர்ர்_புரோப்-னு ஒரு ஃபங்ஷன் வந்தாச்சே. 517-ன்னா டீபக் லெவல்ல மட்டும் எழுதும், காரணத்தை டீபக்எஃப்எஸ்-ல (டீபக் தகவலுக்கான ஃபைல்சிஸ்டம்) டிஃபர் பட்டியல்ல குறிச்சு வெக்கும், அதே எண்ணைத் திருப்பியும் தரும். ரிட்டர்னோட சேர்த்து ஒரே வரி. ஐஆர்க்யூவுக்கு அதுகூட வேண்டாம், பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ 5.4-லேருந்து தானே எழுதிடுது.

பழையபோர்டு: அப்ளிகேஷன் டிரைவரைக் கூப்பிடற ரீட், ஐஆக்டல் பாதைக்கு வாங்க. அங்கேயும் மாத்தாம விட்டா −524 (ஈநாட்சப், இந்த வேலைக்கு ஆதரவு இல்லை) நேரா யூசர்ஸ்பேஸுக்குப் போகும், அப்ளிகேஷன் "அன்னோன் எரர் 524"-ன்னு காட்டும். கர்னல் ஹெடர்ல 512-ல தொடங்கற பட்டியலுக்கு மேலேயே, இது யூசர் புரோகிராம் கண்ணுல படக்கூடாதுன்னு கமெண்ட் இருக்கு. அப்போ உங்க "அப்படியே விடு" என்ன ஆச்சு?

ரிவ்யூகாரன்: அது நியாயம். ஆனா 524-க்கு 95-ன்னு அப்ளிகேஷனுக்குத் தெரிஞ்ச சரியான ஜோடி இருக்கே, ஈஓப்நாட்சப். அர்த்தம் கெடாம மாத்தறது வேற, எல்லாத்தையும் 5-ல கொட்டறது வேற.

பழையபோர்டு: யூசர்ஸ்பேஸ் பக்கம் மாத்தியே ஆகணும்னு ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும். புரோபை உங்க இஷ்டப்படி வெச்சுக்கங்க.

ரிவ்யூகாரன்: அப்போ புரோபுக்கு மட்டும் மறுபடி கமெண்ட் போடறேன். 121-ஐ 6 ஆக்கறதைத் தனி பேட்ச்ல பேசிக்கலாம்.

பழையபோர்டு: அது வந்தா என்னையும் சிசி-ல போடு. அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.