மறு: கார்டியோ-ஆங்காலஜிக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய் சிகிச்சையின்போதும் அதன் பிறகும் நோயாளியின் இதயத்தைக் கவனிக்கும் துறைதான் கார்டியோ-ஆங்காலஜி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இதயவியல் இருக்கிறது, புற்றுநோயியல் இருக்கிறது. ஒட்டினால் 'இதயப் புற்றுநோயியல்'. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இதே சொல்லை நானும் ஒரு நோயாளிக் கையேட்டில் போட்டுவிட்டேன். மார்பகப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் மகன் அதைப் படித்துவிட்டு, "இதயத்துக்கும் பரவிடுச்சா?" என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறார். அவர் படித்ததில் பிழையில்லை, நான் எழுதியதில்தான் பிழை. இரைப்பைப் புற்று, நுரையீரல் புற்று என்று உறுப்பை முன்னால் வைத்துக் கேட்டே பழகிய காது அது. இத்தனைக்கும் இதயத்திலேயே தோன்றும் புற்று மிக மிக அரிது.

> ஒற்று மிகாமல் 'இதய புற்றுநோயியல்' என்று எழுதினால் உம்மைத்தொகை ஆகிவிடுமே?

செடிகொடி, இரவுபகல் மாதிரி. யோசனை அழகுதான். ஆனால் எந்தப் பலகையைப் பார்த்தாலும் ஒற்றைக் காணோம் என்று நாமே இங்கே மாதம் ஒருமுறை புலம்புகிறோம். ஒருவருடைய நிம்மதியை ஒரேயொரு 'ப்' தலையில் ஏற்றிவைக்க எனக்குத் துணிவில்லை.

அந்தத் துறையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத் தசையைக் கெடுக்கக்கூடியது. உடலில் ஏறிய அளவை வாழ்நாள் கணக்காகவே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் இதயச் செயலிழப்பு அபாயம் மளமளவென்று ஏறும். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து வேறு ரகம். புற்றுச் செல்லில் அது அடைக்கும் ஹெர்-2 ஏற்பி (செல்லின் மேல் இருந்து வளர்ச்சிச் சைகையை வாங்கும் புரதம்) இதயத் தசைக்கும் தேவைப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடுகிறது. இடது மார்பில் கொடுத்த கதிர்வீச்சோ, எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து இதயத் தமனி அடைப்பாக வந்து நிற்கலாம்.

மூன்றிலும் நோய் புற்று, கேள்வி இதயத்தைப் பற்றியது. எக்கோ எடுத்து, இடது கீழறை எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்து, மருந்தைத் தொடரலாமா என்று புற்றுநோய் மருத்துவரோடு பேசுபவர் இதயவியலர்தான். தமிழில் தலைச்சொல் கடைசியில் நிற்கும். புவி இயற்பியல் என்பது இயற்பியலே. ஆகவே என் முன்மொழிவு: புற்றுநோய்சார் இதயவியல். ஆங்கிலத்திலேயே ஆங்கோ-கார்டியாலஜி என்று திருப்பிப் போட்டும் எழுதுகிறார்கள், வரிசையை மாற்றுகிறோமே என்று கூச வேண்டியதில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகம் இத்துறைக்கென முதல் வழிகாட்டியை வெளியிட்டதே 2022இல்தான். நாம் ஒன்றும் பிந்திவிடவில்லை.

> 'புற்றிதயவியல்' சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். எனக்கென்னவோ பாம்பு குடியேறிய இதயம்தான் கண்முன் வருகிறது.

ஒரு தடை எனக்கே தோன்றுகிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்குப் புற்று வருவதும் உண்டு. புகை, உடற்பருமன், முதுமை எல்லாம் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். அந்த நிலையைச் சொல்லக் கொரோனா காலத்தில் பரவிய 'இணைநோய்' போதும். அவரைக் கவனிக்கும் துறையும் 'சார்' என்பதற்குள் அடங்கும் என்றே படுகிறது. வேறுவிதமாக நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. கார்டியோடாக்ஸிசிட்டிக்கு 'இதய நச்சுமை' என்று முன்பு ஒப்புக்கொண்டோம். டாக்ஸோரூபிசினுக்கு அது பொருந்தும். நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடுகிற டிராஸ்டுசுமாபுக்கும் 'நச்சு' என்று அச்சடித்தால், படிப்பவர் ஊசிக்கே வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. கையேட்டுக்கு மட்டும் 'இதயப் பாதிப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? திருத்திய பதிப்பு அச்சுக்குப் போகுமுன் இதற்காவது பதில் தேவை.