கடைசிச் சாய்வை மட்டும் பார்த்து ஓடர் சொல்லாதீர்கள்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி மின் பொறியியல் படிக்கிறான், லீவுக்கு வந்தால் கொப்பியோடு எங்கள் விறாந்தையில் வந்து இருந்துவிடுவான். இந்த முறை கொண்டுவந்தது ஒரு போட் வரைபு, அதாவது ஒரு தொகுதியின் கெயினும் (வெளியீடு உள்ளீட்டின் எத்தனை மடங்கு) பேஸும் (வெளியீட்டு அலை எத்தனை பாகை விலகுகிறது) மீடிறனோடு எப்படி மாறுகின்றன என்று காட்டும் படம். சமன்பாடு எதுவும் தரவில்லை, தொகுதியின் ஓடர் என்ன, அதாவது அதில் எத்தனை போல் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு போலும் தன் மீடிறனைத் தாண்டியதும் கெயின் சாய்வை டெக்கேட்டுக்கு (மீடிறன் பத்து மடங்காவதற்கு) 20 டெசிபெல் கீழே இழுக்கும், சீரோ அதே அளவு மேலே நிமிர்த்தும். "கடைசிச் சாய்வு டெக்கேட்டுக்கு -40 டெசிபெல், அப்ப ரெண்டு போல், ஓடர் 2. சரிதானே அண்ணா?" என்றான். இதே பதிலை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கடைசிச் சாய்வு சொல்வது போல்களின் எண்ணிக்கையை அல்ல, போல்களில் இருந்து சீரோக்களைக் கழித்தால் மிஞ்சுவதை. ஓடர் வேண்டுமென்றால் நடுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, கோட்டின் வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னேன், அப்படிப் பார்த்தால் சின்ன வளைவும் தெரியும். செக்கனுக்கு 1 ரேடியனில் சாய்வு -20 ஆகிறது, 10 இல் -40, 50 இல் திரும்பவும் -20 க்கு நிமிர்கிறது, 500 இல் மறுபடி -40. கீழ்நோக்கி மூன்று முறிவு, மேல்நோக்கி ஒன்று. ஆக மூன்று போல், ஒரு சீரோ, ஓடர் 3. (ஒரே இடத்தில் மேடு தட்டி நேராக -40 க்கு விழுந்தால் அங்கே சிக்கலெண் போல் சோடி இருக்கிறது, இரண்டாக எண்ணுங்கள்.)

பிறகு பேஸ் வரைபைக் கட்டாயம் பக்கத்தில் வைக்க வேண்டும். சீரோ சிக்கலெண் தளத்தின் இடப்பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன தொகுதியின் பேஸ் -180 பாகையில் போய் நிற்கும். அதே சீரோ வலப்பக்கம் இருந்தால் கெயின் வரைபு அச்சு அசலாக அதேதான், ஆனால் பேஸ் -360 வரை இறங்கும். போல், சீரோ இரண்டும் நெருங்கிக் கிடக்கும்போதும் பேஸ்தான் கைகொடுக்கிறது. 10 இல் போல், 12 இல் சீரோ என்றால் கெயினில் மொத்த வித்தியாசமே 1.6 டெசிபெல்தான், ஆனால் பேஸில் 5 பாகை அளவுக்கு ஒரு பள்ளம் விழும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து முழுதாக வெட்டுப்பட்டால் எதுவுமே தெரியாது, ஆகவே வரைபைப் பார்த்து "குறைந்தது இத்தனை" என்றுதான் சொல்லலாம்.

தாளில் விளங்கினால் போதாது என்று அவனையே அளக்க வைத்தேன். நான் சீனக்குடாப் பக்கம் கருவி பராமரிப்பு வேலை, வீட்டில் பழைய ஒசிலோஸ்கோப் இருக்கிறது. இரண்டு 10 கிலோஓம், இரண்டு 0.01 மைக்ரோபரட், நடுவில் பஃபர் (ஓர் அடுக்கு மற்றதை இழுக்காமல் பிரித்து வைக்கும் சுற்று) இல்லாமல் இரண்டு ஆர்சி (தடை, கொள்ளளவி) அடுக்கு. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு பிரெட்போர்ட்டின் உள் தகடு கறுத்துப்போய் தொடுகை சரியாக வராது, அதனால் ஈயம் வைத்து ஒட்டச் சொன்னேன். 1.6 கிலோஹெர்ட்ஸ் அளவில் பேஸ் -90, கெயின் மூன்றில் ஒன்று, அதாவது -9.5 டெசிபெல். பஃபர் வைத்திருந்தால் -6 வந்திருக்கும். இரண்டாவது அடுக்கு முதலாவதை இழுப்பதால் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய போல்கள் 608, 4167 ஹெர்ட்ஸ் என்று விலகிவிடுகின்றன. ஓடர் மட்டும் மாறவில்லை, 2 தான்.

40 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் கோடு படுத்துவிட்டது, "சீரோ ஒன்று இருக்கு அண்ணா" என்றான். உள்ளீட்டைக் கழற்றச் சொன்னேன். திரையில் அதே தடிப்பில் கோடு அப்படியே நின்றது! 5 வோல்ட் கொடுத்தாலும் அந்த மீடிறனில் வெளியே வருவது 8 மில்லிவோல்ட்தான், அதற்கு மேல் போகப் போக அவன் அளந்துகொண்டிருந்தது இரைச்சலை. அப்படியான புள்ளிகளை வரைபில் இருந்து எடுத்துவிட்டுத்தான் சாய்வு பார்க்க வேண்டும்.

கெயின் சாய்வு -20 இல் அமைதியாக நிற்க, பேஸ் மட்டும் -90 ஐயும் தாண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறதா? அப்ப போல் எண்ண வேண்டாம், அது தாமதம். 1 மில்லிசெக்கன் தாமதமே 1 கிலோஹெர்ட்ஸில் 360 பாகையைத் தின்றுவிடும். வேலைத்தளத்தில் இப்படி ஒன்றை எதிர்கொண்டவர்கள் தாமதத்தையும் வலப்பக்கச் சீரோவையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்று எழுதுங்கள், தம்பி வாசிக்கக் காத்திருக்கிறான்.