புதுப்பிப்பு: ‘எல்லா’ வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது பற்றி

முன்பு நான் கேட்டது இது: “எல்லாத் திமிங்கலங்களும் பாலூட்டிகள்”, “பாலூட்டி அல்லாத எதுவும் திமிங்கலம் அல்ல” இரண்டும் சமானமா, அல்லது முதலாவதிலிருந்து இரண்டாவது வருகிறது, அவ்வளவுதானா?

சமானமேதான். பதில் சொன்னவர்கள் சொன்னபடி வென் படம் (ஒவ்வொரு வகைக்கும் ஒரு வட்டம், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி) போட்டுப் பார்த்தேன். திமிங்கல வட்டத்தில், பாலூட்டி வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காலி என்று நிழலிடுகிறோம். இரண்டாவது வாக்கியத்துக்கும் அதே பகுதிதான் காலியாகிறது. படம் ஒன்றானால் பொருளும் ஒன்று. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அல்லாமை (‘அல்லாத’ என்ற எதிர்மறை) சேர்க்காமல் இரு வகைகளையும் வெறுமனே இடம் மாற்றுவது “எந்த மீனும் பாலூட்டி அல்ல”, “சில பறவைகள் நீந்துபவை” போன்றவற்றுக்கு மட்டும் செல்லும். “சில பறவைகள் காகங்கள் அல்ல” என்பதை மாற்றிப் பாருங்கள், சில காகங்கள் பறவைகளே இல்லை என்றாகிவிடும்!

‘சில’ வாக்கியத்தையும் அல்லாமை சேர்த்துத் திருப்பலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நடக்காது. “5 அல்லாத சில எண்கள் 6 அல்லாதவை” உண்மை, 7 ஒன்றே போதும். திருப்பினால், ‘6 அல்லாதது’ அல்லாதது 6 தானே, 6 ஆக இருக்கும் ஏதோ ஓர் எண் 5 ஆகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், “எல்லா டிராகன்களும் நெருப்பு கக்குபவை” என்பதிலிருந்து “நெருப்பு கக்குபவற்றுள் சில டிராகன்கள்” என்பது வருமா என்ற சச்சரவு. அரிஸ்டாட்டில் வழித் தர்க்கம் சரி என்கிறது. டிராகனே இல்லாமலும் இருக்கலாமே என்று நவீன தர்க்கம் மறுக்கிறது. பழைய வழியிலும்கூட அது ஒருவழிப் பாதைதான், சமானம் அல்ல.